பேஸ்மென்ட்டில் ஒரு நிலக்கரி அடுப்பு: பென்சில்வேனியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வடகிழக்கு பென்சில்வேனியாவில் வீடு பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும். பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால் ஒரு மூலையில் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். பக்கத்தில் பலகை அடித்த தொட்டி, தரையில் பளபளக்கும் கறுப்புத் துணுக்குகள். வீடு காட்ட வந்தவர் "பழைய நிலக்கரி ஃபர்னஸ், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வார். அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். நானும் எடுக்கத்தான் நினைத்தேன். ஒரு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு, இப்போது அதை அணைக்கும் நாளில்தான் வருத்தமாக இருக்கிறது.

ஸ்க்ரான்டன், வில்க்ஸ்பாரி, ஹேசில்டன், பாட்ஸ்வில் வட்டாரத்து மண்ணுக்கடியில் இருப்பது ஆந்த்ரசைட் என்ற நிலக்கரி வகை. நிலக்கரி என்றதும் நமக்கு நெய்வேலி நினைவுக்கு வரும். அது பழுப்பு நிலக்கரி, ஈரம் நிறைந்தது, பொலபொலவென்று உதிர்வது. ஆந்த்ரசைட் அதற்கு நேர் எதிர். கல்லைப் போல் கெட்டி, கண்ணாடி போல் மினுமினுப்பு, எரியும்போது புகை அநேகமாக இல்லை. ஒரு டன்னில் சுமார் இரண்டரைக் கோடி பிடியூ (இங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. ஏறக்குறைய 180 கேலன் ஹீட்டிங் ஆயிலுக்குச் சமம். இங்கே டன் என்றால் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விறகு எரித்துப் பழகியவர்கள்தான் நிலக்கரியில் அதிகம் தோற்பார்கள். விறகை மேலிருந்து கிளறலாம், ஒரு கட்டையை நகர்த்தினால் தீ எழும். இந்தக் கரிக்குக் கைபட்டாலே ஆகாது. அதற்கு வேண்டிய காற்று முழுக்கக் கீழிருந்து வரவேண்டும், கரி ஆழமாகக் குவிந்திருக்க வேண்டும், அப்புறம் அதன் போக்கில் விடவேண்டும். பாட்டி வீட்டுக் குமுட்டி அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி விசிறியைத் தணலுக்கு மேலே ஆட்டமாட்டார். கீழே இருக்கும் வாய்க்கு நேராகத்தான் விசிறுவார். 1808 பிப்ரவரி 11 அன்று வில்க்ஸ்பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் செய்து காட்டியதும் இதைத்தான். துருத்தி வைத்து ஊதினால்தான் இந்தக் கல் எரியும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவர் தன் வீட்டில் இரும்புக் கம்பிகளாலான தட்டில் கரியைப் பரப்பி, கீழிருந்து தானாக ஏறும் காற்றிலேயே எரியவைத்தார். வீட்டுக் கணப்புக்கு ஆந்த்ரசைட் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் புகைபோக்கி

அடுப்பைத் தொடுவதற்கு முன் புகைபோக்கியைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, களிமண் ஓட்டுக் குழாயில் விரிசல் இருக்கிறதா, பறவைக்கூடு அடைத்திருக்கிறதா, இதே புகைபோக்கியில் கேஸ் ஹீட்டரின் குழாயும் சேர்கிறதா என்று சொல்வார்கள். கேஸோடு பங்கு போடவே கூடாது. நிலக்கரிக்கு என்று தனி வழி வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூடுதல் உயரம், இது பொது விதி. ஊர் நிர்வாகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், ஏதாவது நேர்ந்த அன்றைக்கு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் இணைப்பு கனமான கறுப்பு இரும்புக் குழாயாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய பளபளக்கும் குழாய் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். சூட்டில் நச்சுப்புகை விடும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகாணி. படுக்கையாகப் போகும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் ஏற்றம். மரம், பலகைச் சுவர் எதுவும் அந்தக் குழாய்க்கு 18 அங்குலத்துக்குள் வரக்கூடாது.

அந்தக் குழாயில் வட்டமான ஒரு மூடி தொங்கிக்கொண்டு, காற்றடிக்கும்போது தானாக ஆடுவதைப் பார்ப்பீர்கள். முதல் தடவை பார்த்தபோது அது உடைந்துபோனது என்று நினைத்து டேப் போட்டு ஒட்டப் போனேன். அதுதான் பாரோமெட்ரிக் டேம்பர். வெளியே காற்று பலமாக இருந்தால் புகைபோக்கியின் இழுப்பு, அதாவது புகையை மேலே உறிஞ்சும் விசை, கூடும், அடுப்பு வெறிபிடித்து எரியும். அப்போது இந்த மூடி திறந்து அறைக்காற்றை உள்ளே விட்டு இழுப்பை மட்டுப்படுத்துகிறது. அதிலுள்ள சிறு எடையை நகர்த்தி, அழுத்தத்தை நீர்மட்ட உயரத்தால் சொல்லும் அளவில் 0.03 முதல் 0.05 அங்குலம் வரை இழுப்பு இருக்கும்படி பெரும்பாலும் வைப்பார்கள். உங்கள் அடுப்பைச் செய்தவர்கள் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. கண் மதிப்பில் இதை வைக்க முடியாது, இழுப்பை அளக்கும் மானோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க அடுப்பின் நாடி பார்க்கும் கருவி அது.

எந்தக் கரி, எவ்வளவு

ஆந்த்ரசைட்டை அளவு பார்த்துத்தான் விற்கிறார்கள். அந்தப் பெயர்கள் மளிகைக்கடைச் சீட்டு போல இருக்கும்: முட்டை, நட், பட்டாணி, பக்வீட், அரிசி, பார்லி. கையால் கரி போடும் அடுப்புக்குப் பெரும்பாலும் நட் அளவு, அதாவது 2 முதல் 4 செ.மீ. வரையிலான துண்டுகள். அதைவிடச் சிறியது பட்டாணி. சிலர் மிதமான குளிருக்கு அதைக் கலந்துகொள்வார்கள். அரிசி அளவு கரி ஸ்டோக்கர் என்ற தானியங்கி அடுப்புக்கானது. அதில் ஒரு மோட்டார் கரியை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும், தெர்மோஸ்டாட் சொன்னபடி கேட்கும். வசதிதான், ஆனால் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். இந்தக் கட்டுரை கையால் போடும் அடுப்பைப் பற்றியது.

பையில் வாங்கினால் 40 பவுண்டு, 18 கிலோ. நடுத்தரக் குளிரில் என் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு பை ஆகிறது. ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். பழகிய பிறகு லாரியில் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 40 கன அடி இடம் வேண்டும், நான்கடிக்கு ஐந்தடி தொட்டி நான்கடி உயரம் இருந்தால் இரண்டு டன் கொள்ளும். தூசி பறக்காமலிருக்க, அள்ளுவதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஆந்த்ரசைட்தானா என்று கேட்டு வாங்குங்கள். பிட்டுமினஸ் என்று இன்னொரு ரகம் உண்டு. அது புகையும் புகைக்கரியுமாகக் கக்கும், எரிக்கும் முறையும் வேறு.

மூட்டுவது

ஆந்த்ரசைட் லேசில் பற்றாது. தீக்குச்சி, மண்ணெண்ணெய் எதற்கும் அசையாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். கரிக்கு அடியில் செக்கச்செவேலென்று ஒரு விறகுத் தணல் படுக்கை வேண்டும். விடுமுறை நாள் பார்த்து, ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு இறங்குங்கள்.

சாம்பல் கதவைத் திறந்துவையுங்கள். கரி கிடக்கும் இரும்புச் சல்லடைக்குக் கீழே இருக்கும் கதவு அது, காற்று அந்த வழியாகத்தான் ஏறும். செய்தித்தாள், சுள்ளி, அதன்மேல் மெல்லிதாகப் பிளந்த காய்ந்த விறகு. விறகு முழுக்கப் பற்றிச் சுடர் அடங்கி, சல்லடை முழுவதும் கங்கு பரவும்வரை பொறுங்கள். சல்லடையில் இருட்டு மூலை இருந்தால் அங்கே இன்னும் இரண்டு துண்டு விறகு. பிறகு ஒரு கரண்டிக் கரியை, கங்கை மூடிவிடாமல், பரவலாகத் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம் வரும், மோர்மிளகாய் பொரிவது போல. பயப்பட வேண்டாம், கரி சூடேறுகிறது. ஊடாகச் சின்னச் சின்ன நீலச் சுடர்கள் தெரிந்தால் இரண்டாவது கரண்டி. அதுவும் பற்றியபின் மூன்றாவது. இப்படி அடுக்கடுக்காக, உள்ளே பதித்த தீச்செங்கல்லின் மேல்விளிம்புவரை நிரப்ப வேண்டும். "இவ்வளவு எதற்கு, பாதி போதுமே" என்று தோன்றும். போதாது. ஆழம் குறைந்த கரி நின்று எரியாது. குளிர் குறைவாக இருந்தாலும் முழுக்கத்தான் நிரப்ப வேண்டும், வெப்பத்தைக் காற்றைக் குறைத்துத்தான் குறைக்க வேண்டும்.

கரி நன்றாகப் பிடித்ததும் சாம்பல் கதவை மூடி, அதிலுள்ள சிறிய காற்றுத் திருகை மட்டும் திறந்துவையுங்கள். இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் டிசம்பரில், கதவு திறந்திருக்க, ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அடுப்பின் பக்கத் தகடு மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது, பேஸ்மென்ட் முழுக்கப் பெயின்ட் கருகும் வாடை. கதவை அடைத்ததும் அரை மணியில் அடங்கியது. ஆனால் சல்லடையின் நடுக்கம்பி வளைந்துபோனது போனதுதான், மாற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஒரு பழக்கம்: சாம்பல் கதவு திறந்திருக்கும்வரை நான் அடுப்புக்கு முன்னாலிருந்து நகர்வதில்லை. ஒரு முக்காலியே போட்டுவைத்திருக்கிறேன்.

காலையும் மாலையும்

பிடித்த அடுப்புக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கவனிப்பு போதும். காலை காபிக்கு முன், இரவு சாப்பாட்டுக்குப் பின். அணையாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

காற்றை ஐந்து நிமிடம் கூட்டித் தீயைக் கொஞ்சம் எழுப்புங்கள். அப்புறம் வெளியே நீட்டியிருக்கும் பிடியைப் பிடித்து சல்லடையைக் குலுக்குங்கள். பெரிய இழுப்பாக வேண்டாம், குட்டையான வெட்டு வெட்டாக. முதலில் சாம்பல் மட்டும் பொலபொலவென்று கொட்டும். சாம்பல் தட்டில் ஆரஞ்சு நிறக் கங்குகள் அங்கங்கே விழ ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு முன் நிறுத்தினால் சாம்பல் தங்கி காற்றை மறைக்கும், இரவு இரண்டு மணிக்கு வீடு குளிரும். அதற்குப் பின்னும் குலுக்கினால் நெருப்பையே கொட்டிவிடுவீர்கள்.

அடுத்தது கரி போடும் கதவு. சட்டென்று திறக்காதீர்கள். ஒரு விரல் இடைவெளி விட்டுச் சில நொடி நில்லுங்கள். உள்ளே தேங்கிய வாயு காற்றுபட்டு எரிந்து தீரட்டும். பிறகு திறந்து, புதுக்கரியைப் போடுங்கள். போடும்போது ஒரு மூலையில் கங்கு வெளியே தெரியும்படி விட்டுவைப்பது முக்கியம். புதுக்கரியிலிருந்து எழும் வாயுவை அந்தக் கங்குதான் பற்றவைக்கும். மொத்தத்தையும் மூடிவிட்டால் வாயு சேர்ந்து, சில நிமிடம் கழித்து ஒரேயடியாகப் 'புஸ்' என்று வெடித்து, குழாய் இணைப்பையே கழற்றிவிடலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரியின் மேல்பரப்பில் நீலச் சுடர்கள் ஆடும். அதைப் பார்த்தபின் காற்றைப் பழைய அளவுக்குக் குறைத்து, போய்ப் படுக்கலாம்.

மேலிருந்து கம்பியால் கிளறுகிறவர்கள் இதைப் படிக்கவும். எனக்குக் கைகட்டி நிற்கத் தெரியவில்லை. முதல் வாரம் தினமும் கிளறினேன், தினமும் அணைந்தது. கிளறும்போது சாம்பல் மேலேறி நெருப்பின் நடுவே கலக்கிறது. அந்தச் சூட்டில் உருகி, இரும்புக் கிட்டம் போல் கட்டியாகி, சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். என் கையிலிருந்து கம்பியை வாங்கி, போகும்போது தன்னோடு எடுத்துப் போய்விட்டார். மறுநாள் அடுப்பு அணையவில்லை. மூலையில் சாம்பல் தங்கினால் நுனி வளைந்த கம்பியைச் சல்லடைக்குக் கீழிருந்து விட்டுத் தட்டிவிடுங்கள், அதுபோதும்.

காலையில் போய்ப் பார்த்தால் தீ சோர்ந்து, நடுவில் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறதா? குலுக்காதீர்கள், மிச்சமும் போய்விடும். சாம்பல் கதவைத் திறந்து காற்று கொடுங்கள், உயிர் வந்ததும் மெல்லிசாகக் கொஞ்சம் கரி தூவுங்கள், அது பற்றியபின் குலுக்கலாம். நீறு பூத்த நெருப்பு என்று சொல்வது சும்மா இல்லை. மேலே சாம்பல் படிந்து செத்துப்போனது போல் கிடக்கும் அடுப்பு எத்தனையோ தடவை அரை மணியில் எழுந்து வந்திருக்கிறது.

மின்சாரம் நின்றால் அடுப்பு எரியும், சூட்டை வீட்டுக்குள் தள்ளும் ஊதுவிசிறி ஓடாது. உள்ளே சூடு கட்டிக்கொள்ளும். உடனே காற்றைக் குறைத்துவிடுங்கள்.

சாம்பல்

எரித்த கரியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பலாகத் திரும்பி வரும். தட்டை நிரம்பி வழியவிடாதீர்கள். சாம்பல் மேலேறிச் சல்லடையைத் தொட்டால் அதைக் குளிர்விக்கும் காற்று நின்றுபோய் இரும்பு வளையும். தினமும் மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, வீட்டுக்கு வெளியே, மரத்தளம் இல்லாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி கூடவே கூடாது. உள்ளே ஒளிந்த கங்கு நாள்கணக்கில் சாகாது. நன்றாக ஆறியபின் ஊர்க் குப்பை வண்டி எப்படி எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுப் போடுங்கள். பனி உறைந்த வாசலில் தூவினால் கால் வழுக்காது, இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். விறகுச் சாம்பல் போல என்று நினைத்து கத்தரிச்செடிக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் போடாதீர்கள். இதில் கன உலோகங்கள் இருக்கும்.

அலாரம்

நீலச் சுடர் என்றேனே, அது கார்பன் மோனாக்சைடு எரியும் சுடர். எரியாமல் அறைக்குள் வந்தால் நிறம் இல்லை, வாடை இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள், அதே வாயுதான். அடுப்பில் முதல் குச்சி வைப்பதற்கு முன் பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைக்கு வெளியிலும் இதற்கான அலாரம் மாட்டியிருக்க வேண்டும். பின்புறம் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். அலாரம் அடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றாலோ, காரணம் தேடாமல் வெளியே வந்து 911 அழையுங்கள்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று. தாளிக்கும்போது சமையலறை எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போடுவோம். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். துணி உலர்த்தும் இயந்திரமும் கூட ஓடினால் சொல்லவே வேண்டாம். இறுக்கமாக அடைத்த வீட்டில் அந்தக் காற்று வேறு எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகத் தலைகீழாக வரும். மீன் வறுக்கிற அன்று மானோமீட்டரைப் பார்த்தேன், முள் பாதிக்கு இறங்கியிருந்தது. இப்போது எக்ஸாஸ்ட் போடும்போது சமையலறை ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைக்கிறோம்.

ஏப்ரல்

பகலில் வெயில் ஏற ஏற இழுப்பு பலவீனமாகும். வெளியே 10, 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்து வந்தால் அடுப்பை அணையவிடுங்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள், வாயு வீட்டுக்குள் திரும்பும் ஆபத்து அந்த வாரங்களில்தான் அதிகம்.

அணைந்தபின் அப்படியே விட்டுவிட்டு அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு. ஆந்த்ரசைட் புகைபோக்கியில் விறகைப் போல் பிசின் படியாது, ஆனால் மெல்லிய சாம்பல் தூள் குழாயின் படுக்கைப் பகுதியில் தங்கும். அதில் கந்தகம் உண்டு. கோடையில் பேஸ்மென்ட் ஈரம் அதில் சேர்ந்தால் அமிலம்தான். நல்ல குழாய் ஒன்றிரண்டு கோடையில் சல்லடையாகிவிடும். அதனால் அடுப்பு ஆறிய அதே வாரம் குழாயைக் கழற்றி வெளியே தட்டி, உள்ளே தூரிகை போட்டுத் தேய்த்து, சோடா உப்புக் கரைசலில் துடைத்துக் காயவையுங்கள். அடுப்பின் உட்புறத்தையும் அப்படியே. சல்லடைக்கு அடியிலும் மூலைகளிலும் ஒரு துளி சாம்பல் இருக்கக்கூடாது.

குழாயைத் திரும்ப மாட்டாமல், சுவரிலுள்ள புகைபோக்கி ஓட்டையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், ஈரக்காற்று ஏறாது. அடைத்த கையோடு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "ஓட்டைக்குள் துணி இருக்கிறது" என்று எழுதி கரி போடும் கதவின் பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். முதல் குளிரில் மூட்டப் போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.